நான் இழுத்த கயிறு – ஒரு திருத்தம்

“தங்கச்சி, உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லோணும். கோவிக்கக்கூடாது.”

கடந்த புதன்கிழமை, நான் படிப்பிக்கும் பாடசாலையில் இடைவேளை மணி அடித்து மூன்றாவது நிமிடம், என் போனில் இந்த மெசேஜ் வந்து விழுந்தது. (மணியும் நிமிடமும் குறித்து வைப்பது என் வியாதி. இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.) அனுப்பியவர் ஜெசிந்தா. பேஸ்புக்கில் அறிமுகமாகி ஐந்து வாரம்தான். நேரில் கண்டதில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை.

‘கோவிக்கக்கூடாது’ என்று தொடங்கிய செய்தி எதுவாவது இதுவரை நல்ல செய்தியாக இருந்திருக்கிறதா? இல்லை. ஆனாலும் திறக்காமல் இருக்க முடிகிறதா... அதுவும் இல்லை.

முதலில் ஜெசிந்தா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறு வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் என் சின்ன வயதுக் கதை ஒன்றை எழுதியிருந்தேன். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பம் எங்களுடையது. சண்டை தொடங்கியதும் ஊரோடு கிளம்பி, மன்னார்த் தீவின் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது. சேலைகளைக் குறுக்கே கட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம். பலர் அங்கிருந்து வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். அப்பா மறுத்துவிட்டார். குளத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்ததே காணும் என்பது அவருடைய வாதம்.

அந்தக் கரையில் ஒரு சட்டம் இருந்தது. விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசையாக நின்று கரைக்கு இழுப்பது. வலை ஏறியதும் மீன் பங்கு பிரிப்பார்கள். பங்குகாரர் அல்லாதவரும், கயிற்றில் ஒரு கை வைத்திருந்தால், கறிக்கு ஒரு பிடி மீன் உண்டு. யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் மறுக்கப்போவதில்லை. கை வைத்தாயா, கறி உண்டு. அவ்வளவுதான்.

நானும் கை வைத்தேன். ஐந்து மாதம், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒவ்வொரு விடியலும் போய் வரிசையின் கடைசியில் நின்று இழுத்தேன். பாவாடையில் மீன் ஏந்திக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்பது வயதில் என் குடும்பத்துக்குக் கறி உழைத்தேன் – இதுதான் அந்தப் பத்தியின் கதை. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் எழுதியிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

யாரோ அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரமே ஒரு நட்பழைப்பு. புரொஃபைல் படத்தில் ஒரு செம்பருத்திப் பூ. பூப் படம் போட்டவர்களின் அழைப்பை நான் ஏற்பதில்லை. ஆனால் கூடவே ஒரு வரி இருந்தது.

“அந்தக் கயிறு பிடிச்ச பிள்ளை நீங்களோ?”

ஏற்காமல் என்ன செய்வது?

ஜெசிந்தா அந்தக் கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் குடும்பம் வள்ளம் ஏறாமல் இருந்தது. ஆனால் எங்களுக்கு இடம் கொடுத்த அவருடைய குடும்பம், பின்னொரு நாளில் வள்ளம் ஏறியது. மண்டபத்து வாசலில் எங்களுக்குத் தண்ணீர் மொண்டு தந்தவர்கள், மறுகரையில் போய்த் தகரக் குவளையோடு வரிசையில் நின்றார்கள். இப்போது திருச்சிப் பக்கம் இருக்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெசின். திரும்பி வருவதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

அவருக்குத் தமிழில் ரைப் பண்ணத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். நான் அதை உரக்க வாசித்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வேன். அப்படி வாசிக்கும்போது ஒரு வசதி – அவருடைய பேச்சு அப்படியே என் வாயில் வரும்.

ஐந்து வாரமும் நாங்கள் செய்தது ஒரே வேலைதான். அவருக்கு ஞாபகமிருப்பதை அவர் சொல்வார், எனக்கு ஞாபகமிருப்பதை நான் சொல்வேன். பள்ளிக்கூட மதிலோரம் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் கழுதைகள். அதில் ஒன்று மண்டபத்துக்குள் வந்து யாரோ அம்மாவின் சேலை மறைப்பைத் தின்றது. பெரிய பெருக்க மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றால் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்ற சண்டை. அவர் பதினொன்று என்றார். நான் பதின்மூன்று என்றேன், நாட்குறிப்பு ஆதாரத்துடன். “நீங்கள் சின்னப் பிள்ளையள், கை கட்டை” என்று பதில் வந்தது.

ஆம், நாட்குறிப்பு. மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கொப்பி ஒன்றில் ஒவ்வொரு நாளும் எழுதினேன், கிடைத்த மீன் உட்பட. திங்கள் – சூடை ஏழு. செவ்வாய் – காரல், எண்ணவில்லை. புதன் – காற்று, வலை இல்லை. அந்தக் கொப்பி எத்தனை இடப்பெயர்வு கண்டும் என்னிடம் தப்பி இருக்கிறது. வீட்டுப் பத்திரம் தொலைந்தது, சூடைக் கணக்கு தொலையவில்லை!

இனிப் புதன்கிழமை மெசேஜுக்கு வருகிறேன்.

ஜெசிந்தா அக்கா எழுதியதை, எழுத்தைத் திருத்தி, கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். அந்தக் கரையில் பெண்கள் கரைவலைக் கயிற்றைத் தொடுவதில்லை. தொடவிடுவதில்லை. தொட்டால் மீன்பாடு கெடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது நடக்கப் பழகும்போதே தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் நாற்று நடுவது, களை பிடுங்குவது, கதிர் கட்டுவது எல்லாவற்றிலும் பெண்கள் முன்னுக்கு நிற்பார்கள். வேலை நடக்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் ஏச்சு விழும். நான் போன முதல் நாள், ஆட்கள் இழுக்கிறார்களே என்று ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

“எல்லாரும் அப்பிடியே நிண்டிட்டினம்” என்று எழுதியிருந்தார் அக்கா. “கவிழ்த்து வைச்ச வள்ளத்தில நான் குந்தி இருந்து பாத்தனான்.”

அன்றைக்கென்று வலையில் மீன் குறைவு. அந்தப் பிள்ளையை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கோ என்று ஆட்கள் சம்மாட்டியாரிடம் போயிருக்கிறார்கள். சிலர் நல்ல மனதோடு, மீனை மண்டபத்துக்கே கொடுத்துவிடுவோம், பிள்ளை வரத் தேவையில்லையே என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் மண்டபத்துக்கு வந்த முதல் வாரம் அப்படிக் கொடுத்துவிட்ட மீனை என் அப்பா திருப்பி அனுப்பியது ஊருக்கே தெரியும். அரசாங்கம் தரும் அரிசியை வாங்குவார். ஆள் தருவதை வாங்கமாட்டார். அது அவருடைய சட்டம்.

கரைக்கு ஒரு சட்டம், அப்பாவுக்கு ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில், அடுப்பில் வெறும் சோறு.

சம்மாட்டியாரின் அண்ணன் மரியான், ஜெசிந்தாவின் பெரியப்பா, வயதான மனிதர். வரிசையில் கடைசி ஆளாக நிற்பவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடந்த ஒரு பழைய கயிற்றை எடுத்தார். மறுநாள் விடிய அதன் ஒரு நுனியைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மற்ற நுனியை என்னிடம் தந்து, “பிள்ளை, நீதான் கடைசி. கடைசி ஆள் விட்டால் எல்லாம் போச்சு. இறுக்கிப் பிடி” என்றார்.

ஐந்து மாதம் நான் இழுத்தது வலைக் கயிற்றை அல்ல. மரியான் பெரியப்பாவை.

“அவர் கையால வலையை இழுப்பார், பின்னால நீங்கள் அவரை இழுப்பியள்” என்று எழுதியிருந்தார் அக்கா. “மற்ற ஆக்கள் பகிடி பண்ணுவினம், உங்களுக்கு விளங்காது. ‘மரியான் அண்ணை, நாங்கள் மீனை இழுக்கிறம், உங்களை இழுத்து ஆர் கறி வைக்கப்போறாங்கள்?’ எண்டு. நாரி நோவெண்டு பின்னேரம் இடுப்பில எண்ணெய் பூசிக்கொண்டு கிடப்பார். எனக்கு ஒரு கயிறு தாங்கோவன் எண்டு நான் அழுதனான். ‘நீ வீட்ட சாப்பிட்டனிதானே’ எண்டு சொல்லிப்போட்டார். அந்த நேரம் உங்களில எனக்குச் சரியான எரிச்சல், தங்கச்சி.”

இடைவேளை முடிந்த மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் குறிப்பு பிழைக்குமா? வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். முதல் நாள்: ‘கயிறு தடிப்பு. ஈரம். கை எரிந்தது.’ இரண்டாம் நாள்: ‘இன்று கயிறு மெல்லிசு. ஈரம் இல்லை. நல்லம்.’

கடலுக்குள் இருந்து வருகிற கயிறு எப்படி ஈரமில்லாமல் இருக்கும்?

பெரியவரைத் தாண்டிக் கயிறு வலைவரை போகிறது என்று நம்பிய ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தோன்றாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை நான் குறைந்தது ஐம்பது தடவை வாசித்திருப்பேனே... வளர்ந்த பிறகும், படித்த பிறகும், சரித்திரம் பற்றிப் பிறருக்குப் பாடம் எடுத்த பிறகும்! நாள் குறித்தேன். கிழமை குறித்தேன். சூடையை எண்ணினேன். எனக்கு முன்னால் நின்ற முதுகை மட்டும் எழுதவில்லை. அந்த ஐந்து மாதக் குறிப்பில் மரியான் என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், நமக்கு உதவினவர்களின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். உதவி என்று நமக்குத் தெரியாமலே செய்தவர்கள்? அவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். வரக்கூடாது என்றுதானே அவ்வளவு கவனமாகச் செய்தார்கள்.

பெரியப்பா எங்கே என்று கேட்டேன். மறுகரையிலேயே காலமாகிவிட்டார் என்று பதில் வந்தது. நன்றி சொல்ல இருந்த கதவும் சாத்தியாயிற்று.

மிச்சம் இருந்தது ஒன்றுதான் – திருத்தம். பத்தியில் பிழை வந்தால் அடுத்த பத்தியில் திருத்துவது என் வழக்கம். தேதியில் ஒரு நாள் பிசகினாலும் திருத்தியிருக்கிறேன். இதைத் திருத்தாமல் விடுவதெப்படி?

ஆனால் ஒரு சிக்கல். அப்பா.

அப்பா இப்போது ஊரில். மிதிவெடி எடுத்து, காடு வெட்டி, மீள்குடியேறிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர். அம்மா அந்த ஊரை மறுபடி காணாமலே போய்விட்டார். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு, குளத்துத் தண்ணீர், இரண்டு ஏக்கர் வயல். அந்த வீட்டுச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் அப்பா ஒட்டியிருப்பது என் ஆறு வாரத்துக்கு முந்திய பத்தி. தபால்காரர், கிராம அலுவலரான விதானையார், உரம் கொண்டுவருகிற லொறிக்காரர் – எவர் வந்தாலும் தப்ப முடியாது. முழுதும் வாசித்துத்தான் ஆகவேண்டும். பிறகு அப்பாவின் பேச்சு: “ஒன்பது வயசில என்ர பிள்ளை உழைச்சவள். நாங்கள் ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்லை.”

அவருக்குச் சண்டை எடுத்துப்போகாமல் விட்ட சொத்து அந்த ஒரு வாக்கியம்தான். ‘அப்பா, அது உழைப்பு இல்லை. ஊரே கூடி நமக்குத் தந்தது’ என்று எழுபது தாண்டிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் பத்திரிகையில் எழுதினால், விதானையார் வந்து வாசித்துக் காட்டமாட்டாரா?

இரண்டு நாள் யோசித்தேன். திருத்தம் வேண்டாம் என்று ஒரு மனம். அப்படியானால் மரியான் என்ற மனிதர் இல்லவே இல்லை என்று ஆகிவிடுமே என்று இன்னொரு மனம். சனிக்கிழமை காலை முதல் பஸ் எடுத்தேன்.

அப்பா முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார். காலால் அளைந்துகொண்டே, “என்ன பிள்ளை, சொல்லாமல் வாறாய்?” என்றார். நான் தேத்தண்ணீர் வைத்தேன். வீட்டைக் கூட்டினேன். கழுவியிருந்த பானையை மறுபடி கழுவினேன். கடைசியில் படங்கின் ஓரத்தில் குந்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பெண்கள் தொடக்கூடாத கயிறு, மீன் குறைந்த நாள், பழைய கயிறு, மரியான் பெரியப்பாவின் இடுப்பு.

அப்பா நெல்லை அளைவதை நிறுத்தவில்லை. ஒரு சால், இன்னொரு சால்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

சம்மாட்டியாரின் மகள், ஜெசிந்தா என்று பெயர், பேஸ்புக்கில் என்றேன்.

“வள்ளத்தில ஏறிக் குந்தி இருக்கும், ரெட்டைப் பின்னல்... அந்தப் பிள்ளையோ?”

அப்பா அந்தக் கரைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடலைப் பார்த்தால் தலை சுற்றும் என்று சொல்வார்.

“நீங்கள் கரைக்கு வந்தனீங்களோ அப்பா?”

“ஒருநாள் வந்தனான்.”

பிறகுதான் மெதுவாக, நெல்லைப் பார்த்தபடியே சொன்னார். கொண்டுவருகிற மீன் உழைத்த மீன்தானா என்று அவருக்குச் சந்தேகம். ஒன்பது வயதுப் பிள்ளை இழுத்து என்ன வலை வரப்போகிறது? பரிதாபத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், கையும் மெய்யுமாகப் பிடித்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவது என்று கிளம்பி வந்து பனை வடலிகளுக்குப் பின்னால் நின்றாராம். அங்கே நின்று பார்த்தபோது அந்தக் கயிறு எங்கே போய் முடிகிறது என்று தெரிந்திருக்கிறது. சுற்றி நின்றவர்களின் பகிடியும் கேட்டிருக்கிறது. அந்தக் கிழவர் ஒன்றும் பேசாமல் நின்றதையும் கண்டிருக்கிறார்.

“பேசாமல் திரும்பி வந்திட்டன்” என்றார். “பிச்சை போடுறவன் தன்ர இடுப்பில கயித்தைக் கட்டிக்கொண்டு நிண்டு பகிடி கேக்கமாட்டான், பிள்ளை. அண்டைக்குத்தான் அந்த மீனைச் சாப்பிட்டனான்.”

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தேன். இருக்கிறது. முதல் மூன்று வாரமும் ‘அப்பாவுக்கு வயிறு சரியில்லை, மீன் சாப்பிடவில்லை’ என்று திரும்பத் திரும்ப. ஒரு வியாழக்கிழமை: ‘அப்பா மீன் சாப்பிட்டார்.’ காரணம் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே.

ஆனால் அது பிறகு. முற்றத்தில் நான் கேட்டது வேறு. எல்லாம் தெரிந்துகொண்டு, ஒருத்தரிட்டையும் கை நீட்டவில்லை என்று இத்தனை வருடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கோபத்தோடுதான்.

அப்பா முதன்முறையாக நின்றார்.

“கை நீட்டேல்லைத் தானே? நீட்டவிடாமல் பாத்தது அந்த மனிசன்.”

எனக்கு ஏன் சொல்லவில்லை என்றதற்கு, உழைக்கிறேன் என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து நடந்து வருகிறபோது அதைப் போய்க் கெடுக்கத் தனக்கென்ன விசரோ என்று திருப்பிக் கேட்டார். நன்றி சொல்லவென்று ஒருநாள் அவர்கள் வீட்டுக்கும் போனாராம். பூட்டிக் கிடந்ததாம். அதற்கு முதல் நாள்தான் வள்ளம் ஏறியிருக்கிறார்கள்.

அந்த இடத்திலேயே போனை எடுத்து, அப்பா சொன்னதையெல்லாம் ஜெசிந்தா அக்காவுக்கு எழுதினேன். அப்பா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சைப் புள்ளி தெரிந்தது. ரைப் பண்ணுகிறார்... நிறுத்துகிறார்... மறுபடி ரைப் பண்ணுகிறார். நீண்ட கடிதம் ஒன்று வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது நான்கே வரி. உரக்க வாசித்தேன்.

“பெரியப்பாவுக்குக் கடைசி மட்டும் நாரி நோ. இஞ்ச டாக்டர் ஏனெண்டு கேட்டவர். ‘ஒரு பிள்ளை இழுத்தது ஐயா, நல்லாத்தான் இழுத்தது’ எண்டு சொல்லிச் சிரிச்சவர். நீங்கள் உழைக்கேல்லை எண்டு எழுதிப்போடாதேங்கோ, அவருக்குப் பிடிக்காது.”

அப்பா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். வெயில்தான், பதினொன்றரை மணி வெயில். பிறகு, அந்தப் பிள்ளை ஊருக்கு வந்தால் வயலுக்கு வரச் சொல்லு, எங்கட நெல்லுச் சோறு சாப்பிடச் சொல்லு என்றார். சொன்னேன். வருவேன் என்று இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை – ஒரு செம்பருத்திப் பூப் படம் வந்தது. பூப் படங்களைப் பற்றி முன்னால் ஏதோ சொல்லியிருந்தால், அதை வாபஸ் வாங்குகிறேன்.

நேரில் காணாத ஒருவரிடம் நமது சின்ன வயதை எடுத்து நீட்டுகிறோம். அவர் அதை வாங்கிப் பார்த்து, மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார். இதற்காகவேனும் அந்த பேஸ்புக்கைக் கண்டுபிடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பின்னேரம் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது, இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுது என்று தலையை ஆட்டினார். ஒழுங்கை முனைவரை வந்தார். பஸ் தெரிந்ததும், நான் ஏதோ மறந்துவிட்டேன் என்பதுபோல் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எழுதேக்க வடிவா எழுது, பிள்ளை. கயித்தை இடுப்பில கட்டினவர். கையில பிடிச்சவர் எண்டு மாறி எழுதிப்போடாத.”

எழுதிவிட்டேன், அப்பா. இடுப்பில்தான்.